ஒரு கன்டெய்னரும் அதைச் சுற்றிய மேசைகளும்: மார்க்கெட்டிங் – ஐபி (இன்டர்நேஷனல் பிசினஸ்) படித்தவர்களுக்கு நெல்லைப் பக்கத்து வேலைகள்

நீளம் 40, அகலம் 30, உயரம் 25 சென்டிமீட்டர் உள்ள அட்டைப்பெட்டி. 20 அடி கன்டெய்னரில் இது எத்தனை ஏறும்?

தூத்துக்குடியில் ஏற்றுமதி அலுவலகம் எதிலும் இன்டர்வியூவில் இப்படி ஒரு கேள்வி விழலாம். எம்பிஏ முடித்தவர் செல்போனை எடுத்து, பெட்டி 0.03 கனமீட்டர், கன்டெய்னர் 33 கனமீட்டர், வகுத்தால் 1,100 என்பார். தப்பு. கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ நீளம் 5.89, அகலம் 2.35, உயரம் 2.39 மீட்டர். எல்லாப் பெட்டியையும் ஒரே வாக்கில் அடுக்கினால் நீளவாக்கில் 14 பெட்டி, அகலத்தில் 7, உயரத்தில் 9 வைக்கலாம். பெருக்கினால் 882. பையருக்கு, அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவருக்கு, 1,100 என்று கணக்குப் போட்டு விலை சொல்லியிருந்தால், மீதி 218 பெட்டி கோடவுன் வாசலில் கிடக்கும். பெட்டி ஒன்றுக்கு விழும் கப்பல் கூலி கால் பங்கு கூடிவிடும். லாபமே மெலிந்து கிடக்கிற சரக்கில் அந்தக் கால் பங்கு போதும், எல்லாம் போய்விடும்.

பெட்டிக் கணக்கு ஐபி பாடம். சொன்ன விலை மார்க்கெட்டிங் பாடம். நம்ம பக்கத்துச் சின்ன ஏற்றுமதிக் கம்பெனிகளில் இரண்டையும் பார்ப்பது ஒரே ஆள்.

நெல்லை, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் எம்பிஏ படிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டையும் சேர்த்து இரட்டைச் சிறப்புப் பாடமாக எடுப்பது சகஜம். முடித்ததும் வீட்டில் ஒரு தீர்ப்பு வந்துவிடும்: மார்க்கெட்டிங் என்றால் பைக்கில் அலைய வேண்டும், ஐபி என்றால் மெட்ராஸுக்குப் போக வேண்டும். முதல் பாதி சரி. அலையத்தான் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. ஐம்பது கிலோமீட்டரில் தூத்துக்குடி இருக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர், 1974 முதல் பெருந்துறைமுகம். 2024 செப்டம்பரில் அங்கே இன்னொரு கன்டெய்னர் முனையமும் திறந்தாயிற்று. ஐபி பாடத்தில் படித்த அத்தனை காகிதத்தையும் கையால் தொட்டுப் பார்க்க இதைவிடப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது.

இங்கே மார்க்ஷீட்டில் இருக்கும் பாடத்தின் பெயரைப் பார்த்து யாரும் மேசை போட்டுத் தருவதில்லை. ஒரு சரக்கையோ ஒரு காகிதத்தையோ அடியிலிருந்து நுனிவரை தெரிந்தவருக்குத் தருகிறார்கள். அதனால் 'என்ன போஸ்ட்டுக்கு அப்ளை பண்ணலாம்' என்று தேடுவதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு கன்டெய்னர் போகிற வழியில் கூடவே போய்ப் பார்ப்போம். வழியில் எந்த மேசை பிடிக்கிறதோ அங்கே உட்காரலாம்.

கோவில்பட்டித் தீப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். கம்பெனியில் முதல் மேசை எக்ஸ்போர்ட் எக்ஸிகியூட்டிவ். ஆப்பிரிக்க நாட்டு பையரின் மெயிலுக்குப் பதில் போடுவது, லேபிள் டிசைன் ஒப்புதல் வாங்குவது, விலை சொல்வது இவருடைய வேலை. தீப்பெட்டி 4.1 வகுப்பு ஆபத்துச் சரக்கு, ஐநா எண் 1944. சாம்பிளைச் சாதாரணக் கூரியரில் போட்டுவிட முடியாது. கப்பல் லைன்களிலும் எல்லாரும் ஏற்ற மாட்டார்கள். ஏற்றுகிறவர்களும் முன்கூட்டியே ஒப்புதல் கேட்பார்கள். அட்டைப்பெட்டிக்கு ஐநா தரச்சான்று வேண்டும், ஆபத்துச் சரக்கு அறிவிப்புப் படிவம் வேண்டும். இது தெரியாமல், சாதாரணச் சரக்குக்கு வாங்கிய கூலியை வைத்து விலை சொன்னால் நஷ்டத்தில்தான் ஏற்ற வேண்டியிருக்கும். சரக்கைத் தெரிந்தால்தான் விலை சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சென்னா இலைக்கு வேறு பாடம். நம்ம கரிசல் பக்கம் அவுரி என்பார்கள், புத்தகத்தில் நிலாவாரை. உலகச் சந்தையில் இதன் பெயரே 'டின்னவெல்லி சென்னா'. டின்னவெல்லி என்பது திருநெல்வேலியின் பழைய ஆங்கிலப் பெயர். ஊர்ப் பெயரையே சரக்கின் பெயராக வைத்திருக்கிற அதிர்ஷ்டம் எல்லா ஊருக்கும் வாய்க்காது. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் அப்படி ஒரு சரக்கு இருப்பதே தெரியாது என்பது தனி வேடிக்கை. இதை வாங்குவது மருந்துக் கம்பெனிகளும் மூலிகை டீ கம்பெனிகளும். பையர் நிறத்தைப் பார்ப்பார், இலையின் மருந்துச் சத்தான சென்னோசைட் எத்தனை சதவீதம் என்று கேட்பார், பூச்சிமருந்து எச்சத்துக்கு லேப் ரிப்போர்ட் கேட்பார், தாவர நலச் சான்றிதழ் கேட்பார். விவசாயி சொல்லும் தரத்தை லேப் பாஷைக்கு மாற்றி மெயிலில் எழுதத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் நிலைத்துவிடுவார்.

லோடு ஏற்றும் நாளில் இந்த எக்ஸிகியூட்டிவ் ஏசி அறையில் இருக்கக் கூடாது. யார்டிலிருந்து வந்த காலிக் கன்டெய்னருக்குள் (துறைமுகப் பேச்சில் அதுவும் 'பெட்டி'தான்) ஏறி நின்று கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். உள்ளே கும்மிருட்டாக இருந்தால் சரி. ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஓட்டை, மழையும் கடல் தண்ணீரும் அந்த வழியாக வரும், பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இருட்டிலேயே மூச்சை இழுத்து வாடை பார்க்க வேண்டும். முன்னால் தோலோ மீன்தூளோ ஏற்றிய பெட்டி என்றால் இலை ஒரே வாரத்தில் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். தரைப்பலகையைத் தொட்டு ஈரம் பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலைதான். இதைச் செய்யாமல் விட்டு, ஹாம்பர்க்கில் பெட்டியைத் திறந்த பையர் பூஞ்சை படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பதில் சொல்ல வழியே இருக்காது.

அடுத்தது டாக்குமென்டேஷன் மேசை. 'கிளார்க் வேலை' என்று பலர் முகம் சுளிப்பது இதற்குத்தான். என் கணக்கில் ஐபி படித்தவர் முதல் இரண்டு வருஷம் உட்கார வேண்டிய மேசை இதுதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பு), எடைச் சான்று, ஒரிஜின் சர்டிபிகேட் (சரக்கு எந்த நாட்டுடையது என்ற சான்று), பிஎல் (சரக்கை ஏற்றுக்கொண்டு கப்பல் லைன் தரும் ரசீது) என்று ஆறேழு காகிதம். எல்லாவற்றிலும் ஒரே எடை, ஒரே எண்ணிக்கை, ஒரே பெயர் வர வேண்டும். சொல்லச் சுலபம். தொழிற்சாலைக்காரர் நிகர எடையைச் சொல்வார், லாரிக்காரர் மொத்த எடையைச் சொல்வார், கன்டெய்னரின் சொந்த எடையைச் சேர்த்த விஜிஎம் தனி எண். 2016 ஜூலை முதல் விஜிஎம் கொடுக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். மூன்று எடையும் குழம்பினால் கட் ஆஃப் நேரம் தாண்டும், பெட்டி அந்தக் கப்பலை விட்டுவிடும். தூத்துக்குடிப் பெட்டிகள் பல, சின்னக் கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறவை. இங்கே ஒரு கப்பலை விட்டால் அங்கே பெரிய கப்பலும் போய்விடும், ஒரு நாள் தாமதம் ஒரு வாரமாக வளரும்.

ஷிப்பிங் பில்லில் ஒரே ஒரு எழுத்து பணத்தைக் கொண்டுபோகிற இடமும் உண்டு. ஏற்றுமதிச் சரக்கில் விழுந்த வரிகளைத் திருப்பித் தரும் ரோட்டெப் சலுகை வேண்டும் என்று அதில் அறிவிக்க வேண்டும். 'ஆம்' என்பதற்கு ஒரு குறியீடு, 'இல்லை' என்பதற்கு ஒன்று, வித்தியாசம் கடைசி எழுத்து மட்டும். பழைய பில்லைக் காப்பி அடித்துப் போடுகிறவர் 'இல்லை' என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டால், அந்தச் சரக்குக்கான சலுகைக்கு அதன்பிறகு நாயாய் அலைய வேண்டும்.

இந்தக் காகிதங்களைச் சுங்கத்தில் நகர்த்துகிறவர் கஸ்டம்ஸ் புரோக்கர். வாய்வழக்கில் இன்னும் பழைய பெயரான சிஹெச்ஏதான் (கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்). இந்த வரிசையில் ஏறும் படிகள் தெளிவானவை, அதனாலேயே எனக்குப் பிடித்தவை. அலுவலகத்தில் சேர்ந்தால் முதலில் ஹெச் கார்டு, அதற்குத் தேர்வு இல்லை. அடுத்தது ஜி கார்டு. சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அது கையில் இருந்தால் அதிகாரி முன்னால் நின்று காகிதத்தில் கையெழுத்துப் போடலாம், சம்பளப் பேச்சும் அங்கிருந்துதான் மாறும். அதற்கு மேல் எஃப் கார்டு. சுங்கத்துறையின் தேசியப் பயிற்சி நிறுவனமான நேசின் நடத்தும் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் தாண்டினால் சொந்த லைசென்ஸுக்கு வழி திறக்கும். 2018 விதிகளின்படி வெறும் பட்டதாரி என்றால் ஜி கார்டோடு இரண்டு வருஷ அனுபவம் காட்ட வேண்டும். எம்பிஏ போன்ற பட்டம் இருந்தால் அது தேவையில்லை. இரண்டு வருஷம் மிச்சம். எம்பிஏவுக்கு இப்படி நேரடிப் பலன் கிடைக்கும் இடங்கள் ரொம்பக் குறைவு, இதையோ யாரும் கல்லூரியில் சொல்வதில்லை. ஆனாலும் தேர்வில் சுங்கச் சட்டம், கட்டண அட்டவணை, மதிப்பீட்டு விதிகள் எல்லாம் வரும். மேசையில் உட்காராமல் புத்தகத்தை மட்டும் படித்துத் தேறுவது கஷ்டம்.

பேசப் பிடித்தவர்களுக்கு ஃபார்வர்டர் அலுவலகம். மார்க்கெட்டிங்கும் ஐபியும் சரிபாதியாகக் கலந்த இடம். கப்பல் லைனிடம் ஒரு கூலிக்கு இடம் வாங்கி, ஏற்றுமதியாளருக்கு இன்னொரு கூலிக்கு விற்பார்கள். நடுவில் நிற்பதுதான் வருமானம். சேல்ஸ் ஆள் விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி, நாகர்கோவில் என்று சுற்றி மாதம் இத்தனை பெட்டி என்று டார்கெட் பிடிக்க வேண்டும். புதியவர் வழுக்கி விழுகிற இடம், கூலியை மட்டும் குறைத்துச் சொல்லி ஆர்டரைப் பிடித்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடுவது. முனையக் கட்டணம், பிஎல் கட்டணம், சீல் எல்லாம் பில்லில் வந்து நிற்கும்போது சண்டை வரும். டெமரேஜ், டிடென்ஷன் இரண்டும் ஒன்று என்று நினைப்பது அடுத்தது. துறைமுகத்துக்குள்ளே பெட்டி கூடுதல் நாள் கிடந்தால் டெமரேஜ். வெளியே கொண்டுபோன பெட்டியை லைனிடம் திருப்பித் தர நாள் கடந்தால் டிடென்ஷன். வாங்குகிற ஆள் வேறு, இலவச நாள் கணக்கும் வேறு. விலை சொல்லும் மெயிலிலேயே இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுகிறவரை ஏற்றுமதியாளர் மறக்க மாட்டார்.

கப்பல் கிளம்பியதும் பணம் வர வேண்டுமே, அதற்கு வங்கி மேசை. தூத்துக்குடியிலேயே 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் தலைமையிடம் இருக்கிறது. மற்ற வங்கிகளுக்கும் ஃபாரெக்ஸ் கிளைகள் உண்டு. எல்சியில் (காகிதம் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) வரும் காகிதத்தை வரிவரியாகப் பார்க்கிற வேலை. எல்சிக்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600 படி, எல்சியில் வேறு கெடு சொல்லியிருந்தால் ஒழிய, சரக்கு ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள், எல்சி காலாவதியாகும் முன் காகிதம் வங்கிக்கு வர வேண்டும். வங்கி பார்த்துச் சொல்ல அதிகபட்சம் 5 வேலைநாள். குறை கண்டால் கட்டணம் பிடித்துக்கொண்டு, பையர் ஒப்புக்கொண்டால்தான் பணம் என்று நிறுத்திவைப்பார்கள். சரக்கின் விலை இறங்கிய நேரம் பார்த்து, பையரும் அந்தச் சின்னக் குறையையே பிடித்துக்கொண்டு தள்ளுபடி கேட்பார்.

நம்ம ஊருக்கென்றே ஒரு குறை உண்டு. எல்சியில் துறைமுகத்தின் பெயர் 'டூட்டிகோரின்' என்று இருக்கும். ஒரிஜின் சர்டிபிகேட்டில் 'தூத்துக்குடி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், அதிலும் ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். 2020 ஜூனில் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, அதே மாதத்தில் திரும்பப் பெற்ற கூத்து தனி. வெளிநாட்டு வங்கிக்காரருக்கு இரண்டும் ஒரே ஊர் என்று எப்படித் தெரியும்? கேள்வி கேட்பார், இரண்டு மூன்று நாள் போகும். எல்சி வரைவு வரும்போதே, கப்பல் லைன் பிஎல்லில் எப்படி எழுதுமோ அதே எழுத்தைப் போடச் சொல்லி பையருக்கு எழுதிவிட்டால் தீர்ந்தது. வரைவு நிலையில் கேட்டால் செலவில்லை. திறந்த பிறகு கேட்டால் திருத்தக் கட்டணம் உண்டு.

இனி பைக் கதை.

உள்நாட்டு விற்பனைதான் நெல்லை, தென்காசி மாவட்டங்களில் அதிகம் பேரை எடுக்கும் இடம். சோப்பு, பிஸ்கட், எண்ணெய், மசாலா, பெயின்ட், சிமென்ட், விதை, உரம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். படி இப்படிப் போகும்: டிஸ்ட்ரிபியூட்டரின் சேல்ஸ்மேன், அவருக்கு மேலே கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர், அதற்கு மேலே ஏரியா மேனேஜர். எம்பிஏக்காரர் சேல்ஸ் ஆபீசராகவே நுழையலாம். ஆஃபர் லெட்டர் யாருடைய லெட்டர்ஹெட்டில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிப் பெயரைச் சொல்லி இன்டர்வியூ நடக்கும், லெட்டர் ஆள் சப்ளை ஏஜென்சியிலிருந்து வரும். அது தேர்ட் பார்ட்டி ரோல். சேரக் கூடாது என்றில்லை, கம்பெனி ரோலுக்கு மாற எத்தனை நாள், எதை வைத்து என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் சேர வேண்டும். இன்சென்டிவ் எத்தனை சதவீத டார்கெட்டில் தொடங்குகிறது என்றும் கேட்கணும். 95 சதவீதத்தில் தொடங்கும் இடத்தில் 94 முடித்தால் பூஜ்யம்.

ஒரு பீட், அதாவது ஒரு நாளில் சுற்றும் கடை வரிசை, 40 கடை என்று வைத்துக்கொள்வோம். 24 கடையில் பில் விழுந்தால் 60 சதவீதம். ஆனால் கடைக்காரர் பேச்சு வேறு மாதிரி இருக்கும்:

"அண்ணாச்சி, சோப்பு ரெண்டு கேஸ் போடட்டுமா?"

"போன மாசம் போட்டதே மேல கெடக்கு. அந்த டேமேஜ எடுத்துட்டுப் போனியே, அதுக்குக் கிரெடிட் நோட்டு எங்க? அத மொதல்ல கொண்டா, பெறவு பேசு."

டேமேஜ் கணக்கு முடிக்காத ஆளுக்கு அடுத்த பில் விழாது. வகுப்பில் நடத்தும் நாலு 'பி'க்களில் (புராடக்ட், பிரைஸ், பிளேஸ், புரமோஷன்) இந்தக் கிரெடிட் நோட்டு எதிலும் வராது.

டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேச வேண்டியது அவருடைய முதலுக்கு என்ன வருகிறது என்ற கணக்கு. உதாரணத்துக்கு ஒன்று: சரக்கில் 6 லட்சம், கடைக்காரர்களிடம் நிற்கும் கடன் 5 லட்சம், கம்பெனியிடமிருந்து வர வேண்டிய ஸ்கீம் க்ளெய்ம் 1 லட்சம். முதலீடு 12 லட்சம். மாத விற்பனை 20 லட்சம், மார்ஜின் 5 சதவீதம் என்றால் 1 லட்சம். சேல்ஸ்மேன் இரண்டு பேருக்கு 34,000, டெலிவரி வண்டி, டிரைவர், டீசல் 20,000, கோடவுன் வாடகை 7,000, பில் போடும் ஆள், கரன்ட் 9,000. செலவு 70,000. மிச்சம் 30,000, வருஷத்துக்கு 3.6 லட்சம். முதலுக்கு 30 சதவீதம். அவர் சந்தோஷமாக இருப்பார். இப்போது மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக இவர் தலையில் சரக்கைத் தள்ளுகிறீர்கள், கடைக்காரர் கடன் 8 லட்சமாகிறது. க்ளெய்மும் இழுத்து 3 லட்சமாகிறது. விற்பனை அதே 20 லட்சம்தான். முதலீடு 17 லட்சம், வருமானம் 21 சதவீதம். அடுத்த மாதம் போனை எடுக்க மாட்டார். சேல்ஸ் ஆபீசரின் டார்கெட் ஷீட்டில் இது எதுவும் தெரியாது. தெரிந்து நடக்கிறவரிடம் டிஸ்ட்ரிபியூட்டர் சொல்லாமலே சரக்கு எடுப்பார்.

சீசனும் தெரிய வேண்டும், காலண்டரைப் பார்த்து அல்ல, ஊரைப் பார்த்து. ஓணத்துக்கு முன்னால் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கேரளா லாரி வரிசை நிற்கும்போது அந்தச் சுற்றுவட்டாரக் கையில் பணம் புரளும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போகிற கூட்டத்துக்காக விக்கிரமசிங்கபுரம் கடைகள் முன்னாலேயே சரக்கு அடுக்கும். குலசை தசராவுக்கு உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் அதே கதை. இது தெரிந்த பையனை வெளியூரிலிருந்து வந்த மேனேஜர் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். தென்காசி, செங்கோட்டை பீட்டுக்கு இன்னொன்று: பேசுகிற அளவுக்கு மலையாளம். இரண்டாவது ஆங்கிலச் சான்றிதழைவிட அது அதிகம் சம்பாதித்துத் தரும்.

தொழிற்சாலைப் பக்கம் சுருக்கமாக. நெல்லைக்குப் பக்கத்துக் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்கான டயர் ஆலை, சோலார் ஆலை, தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலை. இங்கெல்லாம் ஐபிக்காரருக்கு வேலை பர்ச்சேஸ், இறக்குமதி, லாஜிஸ்டிக்ஸ் பிரிவில். டாக்குமென்டேஷன் இரண்டு வருஷம் பார்த்துவிட்டுப் போனால் எடுப்பார்கள், நேரே கல்லூரியிலிருந்து போனால் ஸ்டோர்ஸில் உட்கார வைப்பார்கள். தென்காசி மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ இருக்கிறது. மென்பொருளை வெளிநாட்டுக்கு விற்கிற மார்க்கெட்டிங் என்றால் அதில் எழுத்துதான் சரக்கு. அங்கே பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், தெளிவாக நாலு பத்தி எழுதத் தெரியுமா என்று பார்ப்பார்கள்.

அரசு வேலை என்றால் மூன்று வாசல். வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் அதிகாரிகள் சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக வருகிறார்கள். சுங்கத்தில் எக்ஸாமினர், பிரிவென்டிவ் ஆபீசர் பதவிகள் எஸ்எஸ்சி பட்டதாரித் தேர்வு வழி. மூன்றாவது, வங்கிகளின் மார்க்கெட்டிங் ஆபீசருக்கான ஐபிபிஎஸ் சிறப்பு அதிகாரி தேர்வு. இரட்டைச் சிறப்புப் பாடக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று மார்க்கெட்டிங் என்றால் செல்லும். மேஜர், மைனர் என்று பிரித்திருந்தால் மேஜர் மார்க்கெட்டிங்காக இருக்க வேண்டும். இரண்டுக்கு மேல் சிறப்புப் பாடம் எடுத்திருந்தால் தகுதியே இல்லை. 'கூட ஒன்று இருக்கட்டுமே' என்று மூன்றாவதாக ஹெச்ஆரையும் சேர்க்கிறவர்கள், சேர்க்கும் முன் அறிவிப்பைப் படிக்கட்டும்.

சொந்தமாக ஏற்றுமதி என்று கனவு காண்பவர்களுக்கு: ஏற்றுமதி–இறக்குமதிக்கான அடையாள எண்ணான ஐஇசி எடுக்க 500 ரூபாய்தான், பான் எண்ணே ஐஇசி எண். இதற்குப் பல ஆயிரம் கேட்கிற ஏஜென்ட் தேவையே இல்லை. வருஷாவருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்யாவிட்டால் அது முடங்கும், அதை மறந்து ஷிப்பிங் பில் போடும் அன்றைக்குத் தவிக்கிறவர்கள் உண்டு. பிறகு ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏடி கோடைச் சுங்க இணையதளத்தில் பதிய வேண்டும், ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டும் எல்யுடி என்ற உறுதிமொழிப் படிவம் போட வேண்டும், அந்தந்தச் சரக்குக்கான ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலில் பதிய வேண்டும். காகிதம் ஒரு மாதத்தில் முடியும். முடியாதது பையர். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயர் ரெடி. ஆனால் ஐரோப்பாவுக்கு என்றால் நேரே சாப்பிடும் கடலையில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு மொத்தம் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. காயாத கடலையில் பூஞ்சை பிடித்தால் வறுத்தாலும் பாகு ஊற்றினாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. கருப்பட்டிக்கு ஈரம் எதிரி. கப்பல் சூட்டில் கசிந்து அட்டையோடு ஒட்டிவிடும். முதல் முயற்சிக்கு முழுக் கன்டெய்னர் வேண்டாம், அஞ்சலக ஏற்றுமதி மையம் வழியாகப் பார்சல் அனுப்பிப் பாருங்கள். ஒரே நாட்டை நம்பவும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இறால்காரர்கள் பட்ட பாடு எல்லாரும் பார்த்ததுதான்.

படிக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, புராஜெக்ட்டை வீணாக்காமல் இருப்பது. 'வாடிக்கையாளர் திருப்தி ஓர் ஆய்வு' என்று நூறு படிவத்தை ஹாஸ்டலிலேயே நிரப்பிய ரிப்போர்ட்டை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு சரக்கை எடுங்கள். அதன் ஹெச்எஸ் கோடு, அதாவது சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண், என்ன? முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, நம் நாட்டில் 8. தீப்பெட்டிக்கு 3605. வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதி–இறக்குமதித் தரவுத்தளம் இலவசம். அதில் எந்த ஐந்து நாடு வாங்குகிறது, மூன்று வருஷத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தச் சரக்கு செய்கிற நாலு கம்பெனிக்கு நேரில் போய், பெட்டி அளவு, எடை, லேப் செலவு கேட்டு எஃப்ஓபி விலையையும் (கப்பலில் ஏற்றும் வரைக்கான விலை) சிஐஎஃப் விலையையும் (அதோடு கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்தது) தனித்தனியே போடுங்கள். சிஐஎஃப் என்றால் இன்சூரன்ஸ் அந்த சிஐஎஃப் மதிப்பில் குறைந்தது 110 சதவீதத்துக்கு. நாலு பக்கம் போதும். அந்த நாலு கம்பெனியில் ஒன்றே வேலை தந்தாலும் ஆச்சரியமில்லை.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் என்று எந்தத் தெருவிலும் துபாயில் கடையோ கோடவுனோ பார்க்கிற சொந்தக்காரர் ஒருவர் இருப்பார், அந்த வழி நல்ல வழி. தெரியாத ஏஜென்ட் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் அவர் பதிவு எண்ணைப் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமீரகத்துக்கு டிகிரிச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று மூன்று கை மாறி முத்திரை வாங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். புரொவிஷனல் சான்றிதழை வைத்து இது நடக்காது. அதனால் வேலை கிடைக்கிறதோ இல்லையோ, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டிக்கு ஒரு நடை போய் கான்வகேஷன் சான்றிதழுக்கு இன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகு அதற்கு அலைகிறவர்கள்தான் அதிகம்.